ஆல்சைமர் நோயின் மனநிலை, உளவியல் அறிகுறிகள்

ஆல்சைமர் நோயின் மனநிலை, உளவியல் அறிகுறிகள் என்பவை அந்நோயில் நினைவிழப்புடன் சேர்ந்தோ, சிலரிடம் அதற்கு முன்னரோ தோன்றும் உளச்சோர்வு, பதற்றம், ஆர்வமின்மை, ஆதாரமற்ற ஐயம், மாயத்தோற்றம், கிளர்ச்சி, உறக்கக் குலைவு முதலியன ஆகும். இவை பிடிவாதமோ முதுமையின் இயல்போ அல்ல; நோயின் ஒரு பகுதியாகும்.

வரலாறு

செருமானிய மருத்துவர் அலோயிஸ் ஆல்சைமர் 1901 இல் பிராங்க்ஃபுர்ட் நகரில் பரிசோதித்த அகுஸ்தே டேட்டர் என்ற 51 அகவைப் பெண்ணிடம் முதலில் காணப்பட்ட மாற்றங்களுள் கணவர் மீதான ஐயமும் ஒன்று. எனினும் பிற்கால ஆய்வுகள் நெடுங்காலம் நினைவாற்றலையே மையமாகக் கொண்டிருந்தன. உளவியல் அறிகுறிகளை அளவிடும் ஆய்வுகள் 1990களில் விரிவடைந்தன.

அளவிடும் முறை

இவ்வறிகுறிகளை இரத்தப் பரிசோதனையால் அறிய இயலாது. நோயாளியால் தம் நிலையை விளக்க முடியாமற் போகலாம். ஆகவே ஆய்வாளர்கள் உடன் வாழ்பவரை வினவுகின்றனர். ஜெஃப்ரி கம்மிங்சு குழுவினர் 1994 இல் வெளியிட்ட வினாநிரல் முதலில் 10 அறிகுறிகளையும் பின்னர் 12 அறிகுறிகளையும் கொண்டது. ஒவ்வோர் அறிகுறியும் எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்பதற்கு 1 முதல் 4 வரையும், கடுமைக்கு 1 முதல் 3 வரையும் மதிப்பிட்டு, இரண்டும் பெருக்கப்படும்.

எடுத்துக்காட்டாக, இராயபுரத்தில் வாழும் ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவர், வேலைக்கு நேரமாகிவிட்டது எனக் கூறி மாலையில் வெளியேற முயல்வதாகவும், தடுத்தால் சினம் கொள்வதாகவும் கொள்வோம். இக்கிளர்ச்சி வாரத்தில் பல நாட்கள் நிகழ்ந்தால் 3, நடுத்தரக் கடுமை எனில் 2. மதிப்பு 6 ஆகும். அவரைக் கவனிக்கும் மருமகளின் மனவேதனை 0 முதல் 5 வரை தனியே பதியப்படும்.

தமிழ்நாட்டில் ஆய்வுகள்

1998 இல் கொச்சியில் தோன்றிய 10/66 மறதிநோய் ஆய்வுக் குழுவின் களங்களில் சென்னை நகர்ப்புறமும் வேலூர் ஊரகமும் அடங்கும். மறதிநோயாளர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், ஆய்வுகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அவர்களைப் பற்றியவை என்பதை அப்பெயர் சுட்டுகிறது. இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் 555 மறதிநோயாளர்களிடம் இக்குழு நடத்தி 2004 இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 71 விழுக்காட்டினரிடம் ஒரு நடத்தை அறிகுறியேனும் காணப்பட்டது. உளச்சோர்வு ஏறத்தாழ 44 விழுக்காட்டினரிடம் இருந்தது.

2008 இல் வெளியான கள ஆய்வில், அமெரிக்க உளமருத்துவ வரையறைப்படி இந்திய ஊரகக் களத்தில் மறதிநோய் 0.3 விழுக்காடு மட்டுமே. குழுவின் சொந்த முறையில் இது பன்மடங்கு உயர்ந்தது. அன்றாடச் செயற்பாடு குன்றியதைக் குடும்பத்தார் கூறினால்தான் முதல் வரையறை பொருந்தும். முதியவரின் வேலைகளைப் பிறர் ஏற்றுக்கொள்ளும் குடும்பங்களில் அக்குறைபாடு புலப்படுவதில்லை. கேரளத்தில் நடந்த மற்றோர் ஆய்வில், இவ்வறிகுறிகளை வேண்டுமென்றே செய்யும் குறும்பாகப் பராமரிப்பாளர்கள் கருதியது தெரியவந்தது.

மருத்துவம்

திடீர் நடத்தை மாற்றத்திற்கு வலி, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் போன்றவை காரணமா என முதலில் ஆராயப்படுகிறது. பராமரிப்பாளருக்குப் பயிற்சியளித்தலும் அமைதியான சூழலும் பயன் தரும். உளப்பிணி எதிர் மருந்துகள் மறதிநோயுள்ள முதியோரின் இறப்பு வாய்ப்பைக் கூட்டுவதாக அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2005 இல் எச்சரித்தது. எனவே இவை மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே பயன்படுத்தத்தக்கவை.