மெரிக்கின் பதவி உயர்வு

1984-இல் கிரனாடா டெலிவிஷன் 14 பகுதிகளாகத் தந்த ‘தி ஜுவல் இன் தி கிரவுன்’, பால் ஸ்காட்டின் நான்கு நாவல்களிலிருந்து பிறந்தது. 1942 முதல் 1947 வரையிலான இந்தியாவே அதன் களம். பழைய ஆட்சிக்கு ஏங்கும் தொடர் என்று அதை ஒதுக்குவது அவசரம். இங்கிலாந்தில் படித்து, ஆங்கிலேயனாகவே வளர்ந்த ஹரி குமாரை, வன்புணர்வு வழக்கில் ஆதாரமில்லாமல் பிடித்து வதைக்கிறான் போலீஸ் அதிகாரி மெரிக். வழக்கு நிற்கவில்லை என்றதும் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் விசாரணையின்றியே ஹரி சிறைக்குப் போகிறான். மெரிக்கோ ராணுவத்தில் சேர்ந்து பதவி உயர்வு பெறுகிறான். இது தனியொருவனின் வக்கிரமல்ல. அவனுக்கு இடம்கொடுத்த நிர்வாகத்தின் குற்றம்.

இந்தத் தொடரில் இந்தியர் தம் சரித்திரத்திலேயே துணைப் பாத்திரங்களாகிவிட்டனர் என்றார் எழுத்தாளர் சல்மான் ருஷ்டி. நியாயமான குறைதான், காங்கிரஸ் போராட்டம் பின்னணி இரைச்சலாகவே கேட்கிறது. ஆனால் ஆண்டவர்களின் மனம் அழுகியதை உள்ளிருந்து காட்ட ஆங்கிலேயர் பக்கமிருந்து சொல்லும் இந்தக் கோணம் உதவியது. இதைப் பார்த்தால், இந்தியர் பக்கத்தையும் அறிய, 1988-இல் தூர்தர்ஷனில் வந்த கோவிந்த் நிஹலானியின் ‘தமஸ்’ தொடரையும் அவசியம் பாருங்கள்.