கரும்பலகைக்கு அப்பால் – 17: யார் படிப்பதற்கு எழுதுகிறார்கள்?

பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் நம் பிள்ளை எத்தனை பக்கம் எழுதியிருக்கும்? ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு, வாரத் தேர்வு, ரிவிஷன், அரையாண்டு என்று எல்லாவற்றையும் எடைக்குப் போட்டால் ஒரு மூட்டை தேறும். அதில் யாராவது ஆசையாகப் படித்தது எத்தனை பக்கம்? ஆசிரியர் படிக்கிறார்தான். ஆனால் அவர் படிப்பது மதிப்பெண் போடுவதற்காக. விடைக்குறிப்பில் உள்ள சொல் வந்திருக்கிறதா, உட்தலைப்புக்கு அடிக்கோடு போட்டிருக்கிறதா என்று பார்த்து, ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போகிறார். ராத்திரி உட்கார்ந்து நாற்பது தாள் திருத்துகிறவரைக் குறை சொல்லவும் முடியாது.

போன வாரம் வகுப்பு நூலகத்தைப் பற்றிப் பேசினோம். பிள்ளைகள் படிக்க வழி செய்த பிறகு, அவர்கள் எழுதியதைப் பிறர் படிக்கவும் வழி செய்ய வேண்டும் அல்லவா? அதற்குக் காசில்லாமல் கிடைக்கிற கருவி வலைப்பூ. ‘பிளாக் எல்லாம் பழங்கதை, இது ரீல்ஸ் காலம்’ என்பீர்கள். இருக்கட்டும். ரீல்ஸில் இரண்டு பக்கம் எழுத முடியாதே.

பிறர் படிக்க எழுதுவது ஏன் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை? மதிப்பெண்ணே குறியான நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளைப் பற்றித் தமிழ்நாட்டுப் பெற்றோருக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தென்கோடி மாவட்டங்களிலிருந்துகூடப் பெட்டி படுக்கையோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டுப் பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷமும் உருப்போட வைக்கிறார்கள் என்று தனியார் பள்ளிகள் மீது எழுந்த புகார் முற்றித்தான், 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மாநில ரேங்க் அறிவிப்பதையும் அரசு 2017-ல் நிறுத்தியது. விதி மாறிய வேகத்தில் பழக்கம் மாறிவிடவில்லை. ‘நான் கண்ட பொருட்காட்சி’ என்று கட்டுரை கேட்டால், பொருட்காட்சி வாசலையே மிதிக்காத பிள்ளையும் முன்னுரை தொடங்கி முடிவுரை வரை பிசகில்லாமல் எழுதிவிடும். வீட்டுக்குள் ராப்பகலாக ஓடுகிற தறியைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்லுங்கள், பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒரு காரியமும் இதே நாமக்கல்லில்தான் நடந்தது. அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த பெருமாள்முருகன், தம் வீட்டில் மாணவர்களைக் கூட்டி ‘கூடு’ என்ற பெயரில் சந்திப்புகள் நடத்திவந்தார். வருகிறவர்களில் பலர் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசல் ஏறியவர்கள். எழுதிவந்ததை வாசிப்பார்கள், மற்றவர்கள் கேட்பார்கள், பேசுவார்கள். சாதி தம் வாழ்க்கைக்குள் எப்படி நுழைந்தது என்று அவரவர் அனுபவத்தை எழுதிய கட்டுரைகள் 2013-ல் ‘சாதியும் நானும்’ என்று காலச்சுவடு வெளியீடாக வந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள், பெரும்பாலும் அவருடைய மாணவர்கள் எழுதியவை. எழுத்தாளர் அம்பை, சி.எஸ். லக்ஷ்மி என்ற தம் இயற்பெயரில் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். தேங்காய்த் தொட்டியில் ஊற்றிக் கொடுத்த வரக்காப்பிதான் ஆங்கில நூலுக்குத் தலைப்பு.

இதே மாணவர்கள் பருவத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதிய தாள்கள் எல்லாம் எப்போதோ காகித ஆலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இந்தக் கட்டுரைகள் மட்டும் நிற்கின்றன. எழுதியவர்கள் எல்லாரும் எழுத்தாளர் ஆகிவிடவில்லை, ஆக வேண்டியதும் இல்லை. எதிரே உட்கார்ந்து கேட்கப்போகிற முகங்கள் தெரிந்திருந்தன, அவ்வளவுதான். வகுப்பு வலைப்பூ தருவதும் அந்த முகங்களைத்தான். கணினி வகுப்பின் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள், மொழி வகுப்பின் கணக்கில் சேருங்கள்.

உலகத்தில் இது புதிதும் அல்ல. பிரான்சின் தெற்கே பார்-சூர்-லூ என்ற சிற்றூரில் செலஸ்தென் ஃபிரெனே என்று ஓர் ஆசிரியர். முதல் உலகப் போரில் நுரையீரலில் அடிபட்டுத் திரும்பியவர், மூச்சு வாங்காமல் நீண்ட நேரம் பாடம் நடத்த முடியாது. பேச்சைக் குறைக்க வழி தேடியவர் 1924-ல் ஒரு சின்ன அச்சுப்பொறியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தெருவில் பார்த்ததை எழுதினார்கள், ஈய எழுத்துகளைக் கோத்து அவர்களே அச்சடித்தார்கள். அந்தத் தாள்கள் பிரான்சின் இன்னொரு கோடியில் இருந்த பிரித்தானி கடற்கரைப் பள்ளிக்குத் தபாலில் போயின. அங்கிருந்து மீன்பிடி ஊர்க் கதைகள் திரும்பி வந்தன. இணையம், மின்சாரக் கட்டணம், ஓடிபி எதுவும் இல்லாத வலைப்பூ அது.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை ஸ்காட்லாந்தில் நடந்தது. மார்த்தா பெய்ன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2012-ல் தன் பள்ளி மதிய உணவைத் தினமும் படமெடுத்து வலைப்பூவில் போட்டாள். எத்தனை வாய் சாப்பாடு, உடம்புக்கு நல்லதா, தலைமுடி கிடந்ததா என்று மதிப்பெண்ணும் அவளே போட்டாள். பிள்ளை பெரியவர்களுக்கு மதிப்பெண் போட்டால் சும்மா விடுவார்களா? ஜூன் மாதம் உள்ளாட்சி மன்றம் படமெடுக்கத் தடை போட்டது. ஊர் உலகமே திரண்டு கேட்க, மறுநாளே தடையை விலக்கிக்கொண்டது. ஏழை நாட்டுப் பள்ளிகளில் மதிய உணவு போடும் அறக்கட்டளைக்கென்று அவள் திரட்டிய நன்கொடை சில நாட்களில் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது. மலாவி நாட்டில் ஒரு பள்ளிச் சமையற்கூடம் எழுந்தது. தமிழ்நாட்டின் சத்துணவு முட்டையில் பெரும்பகுதி நாமக்கல் பண்ணைகளிலிருந்து போகிறது. அந்த முட்டையைப் பற்றி நாமக்கல் பிள்ளை ஒன்று எழுதினால் எப்படியிருக்கும்? பண்ணையில் அட்டை அடுக்குகிற அம்மாவும் அதில் வருவார், சமையல் அக்காவும் வருவார்.

நம் ஆசிரியர்களுக்கு வலைப்பூ தெரியாததா? 2004-ல் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ என்ற வலைப்பூத் திரட்டியைத் தொடங்கிய நாள் முதலாக எழுதியவர்களில் ஆசிரியர்கள் கணிசம். புதுக்கோட்டையில் தமிழாசிரியர் நா. முத்துநிலவனும் நண்பர்களும் 2015 அக்டோபர் 11-ல் வலைப்பதிவர்களுக்கென்று ஒரு திருவிழாவே நடத்தினார்கள். அவருடைய கல்விக் கட்டுரைத் தொகுப்பின் பெயர் ‘முதல் மதிப்பெண் எடுக்க வேண்டாம் மகளே’. நம் வட்டாரத்துப் பெற்றோர் வீட்டில் வாங்கி வைக்க வேண்டிய புத்தகம். இன்றும் ‘பாடசாலை’, ‘கல்விச்செய்தி’ தளங்களைப் பார்க்காமல் பல ஆசிரியர்களுக்குப் பொழுது விடியாது. ஆனால் அங்கே தேடுவது அரசாணையும் மாறுதல் கலந்தாய்வும் மாதிரி வினாத்தாளும். மாணவர் குரல் அங்கே இல்லை. பள்ளிக்கென்று தொடங்கிய வலைப்பூக்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். சுதந்திர தினக் கொடியேற்றம், ஆண்டு விழா, தலைமையாசிரியர் சால்வை வாங்கும் படம், அதோடு சரி. இரண்டு வருஷமாகப் புதுப் பதிவு இருக்காது.

சரி, எப்படித் தொடங்குவது? நாற்பது பேருக்கும் நாற்பது வலைப்பூ வேண்டாம். வகுப்புக்கு ஒன்று போதும். வலைப்பூவுக்கான கூகுள் கணக்கு, ஆசிரியர் பெயரில், அவர் கையில் இருக்கட்டும். பதின்மூன்று வயது நிரம்பாத பிள்ளை கூகுள் கணக்கைத் தானாகத் திறக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆகவே முகம் தெரியும் படம் வேண்டாம், முழுப்பெயர் வேண்டாம், வீட்டு முகவரி வேண்டவே வேண்டாம். முதல் பருவம் முழுக்க, அழைக்கப்பட்டவர்கள் மட்டும் படிக்கும்படி அமைப்பில் மாற்றி வையுங்கள். கருத்துகள் உங்கள் பார்வைக்கு வந்த பிறகே வெளியே போகட்டும்.

எழுத்து நோட்டில் தொடங்க வேண்டும், திரையில் அல்ல. முதலில் எழுதி வகுப்பில் வாசிக்கட்டும். கேட்கிற பிள்ளைகள் ‘அப்புறம் என்னாச்சு?’ என்று கேட்கிற இடத்தில்தான் எழுதியவருக்குத் தான் விட்டது தெரியும். அதைச் சேர்த்துத் திரும்ப எழுதிய பிறகு தட்டச்சு. அரசுப் பள்ளிகள் பலவற்றில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் வந்திருக்கிறது. இணையவழித் தேர்வு நடக்காத நேரத்தில் வாரம் ஒரு பாடவேளை கேட்டு வாங்குங்கள். ஆய்வகம் இல்லாத பள்ளியில் ஆசிரியர் கைப்பேசி போதும், தமிழ் விசைப்பலகை எல்லாக் கைப்பேசியிலும் உண்டு.

திருத்தும்போது கையைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். ஒற்றுப்பிழையைத் திருத்தலாம், அம்மிச்சியைப் பாட்டி ஆக்கக் கூடாது. பிள்ளை தன் வீட்டுப் பேச்சை எழுத்தில் கொண்டுவரத் துணிந்த இடம் அது. ‘சூப்பர்’, ‘அருமை’ என்று கருத்துப் போடுவதை வகுப்பில் தடை செய்துவிடுங்கள். கருத்து என்றால் ஒரு கேள்வி இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள்.

எதை எழுதுவது என்ற கவலையே நம் வட்டாரத்தில் தேவையில்லை. குச்சிக்கிழங்கு லாரி ஜவ்வரிசி ஆலைக்குள் போய் மூட்டையாக வெளியே வருவது வரை ஒரு வகுப்பு ஒரு மாதம் எழுதலாம். சேலத்துக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிறவர் கண் எரிச்சல், பள்ளிபாளையத்துத் தறிச் சத்தத்தில் வீட்டுப்பாடம் செய்வது, நாமக்கல் பட்டறையில் வெறும் சேசிஸ் மேல் லாரி பாடி எழும்புவது, ஒரு முட்டை விலை யார் சொல்லி எப்படி ஊர் முழுக்கப் பரவுகிறது என்பது, இப்படி எத்தனையோ. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டுப் போர்வண்டிகளில் வேலைக்குப் போகிற அப்பாமார் மாதக்கணக்கில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் கிடக்கிறார்கள். அவர்கள் கையில் கைப்பேசி இருக்கிறது. பிள்ளையின் ரேங்க் கார்டுக்கு அவர்கள் கையெழுத்துப் போட வர முடியாது, பிள்ளை எழுதியதை இரவு வண்டியடியில் படுத்துக்கொண்டு படிக்கலாம். பிள்ளைக்கு இதைவிட நல்ல வாசகர் கிடைப்பது கடினம்.

ஓர் எச்சரிக்கை. பகிரங்கமாக எழுதுவது இந்தப் பகுதியில் விளையாட்டுக் காரியம் அல்ல. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கிளம்பிய போராட்டம், அடுத்த மாதமே அவரை எழுத்தை விட்டு விலகுவதாக அறிவிக்க வைத்தது. 2016 ஜூலை 5-ல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் அவர் திரும்ப எழுத வந்தார். பெயர் பெற்ற எழுத்தாளருக்கே அந்தக் கதி. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஊர்க் கிணற்றைப் பற்றி, கோயில் வாசலைப் பற்றி உண்மையை எழுதினால் யார் நிற்பது? ஆசிரியர்தான் நிற்க வேண்டும். எதை வகுப்புக்குள் வாசிப்பது, எதை வெளியே விடுவது என்று பிள்ளையோடும் பெற்றோரோடும் பேசி முடிவெடுங்கள். வெளியே விட முடியாது என்பதற்காக எழுதாதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கூடு சந்திப்புகளில் வாசித்ததும் முதலில் சிறிய வட்டத்துக்குள்தான்.

ஃபிரெனே தபாலில் செய்ததை நாம் செய்துபார்க்கலாம். கொல்லிமலை மேலுள்ள பள்ளியும் பள்ளிபாளையத்துப் பள்ளியும் ஒன்றையொன்று வாசிக்கட்டும். மிளகுக் கொடி தெரியாத பிள்ளைக்கும் தறிநாடா தெரியாத பிள்ளைக்கும் கேட்க ஆயிரம் கேள்வி இருக்கும். தொடங்குகிற ஆசிரியர்கள் வகுப்பையும் ஊரையும் குறித்து இதழ் முகவரிக்கு எழுதுங்கள். மலையிலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று கிடைத்தால் இரண்டையும் இணைத்துவிடுவது என் பொறுப்பு.

(தொடரும்)