ஊசி அறியும் அசைவுகள்

இசைத்தட்டின் பள்ளத்திலே ஊர்ந்து செல்லும் வைர ஊசிக்கு, தான் உணரும் அசைவு பாடகரின் குரலால் அந்தப் பள்ளத்தில் பதிந்ததா, அல்லது டர்ன்டேபிளைத் தாங்கும் அலமாரி அதிர்ந்ததால் நேர்ந்ததா என்று பகுத்தறியும் சக்தி கிடையாது. தலைமயிரின் பருமனுக்கு மேற்படாத அப்பள்ளத்தில், தட்டுக்கும் தனக்கும் இடையே எந்தச் சலனம் நிகழ்ந்தாலும் அதனைச் சங்கீதமாகவே பாவித்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பிவிடுகிறது. ஒலியைக் கூட்டியதும் எழும் உறுமலும், சப்தம் ஏதுமின்றி வூஃபரின் கூம்பு முன்னும் பின்னும் தள்ளாடுவதுமாகிய இரண்டு கோளாறுகளும் பெரும்பாலும் இந்த ஒரே குணத்திலிருந்து பிறப்பவையே.

கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே கொண்டுபோனால் வீறிட்டுக் கிளம்பும் சப்தத்துக்குக் காரணமான அதே நியதிதான் முதற்கோளாறுக்கும் காரணம். ஸ்பீக்கரின் அதிர்வு காற்றின் வழியாகவும் தரையின் வழியாகவும் ஊசியை அடைந்து, மீண்டும் பெருக்கப்பட்டு, மீண்டும் ஸ்பீக்கரை அதிரச் செய்கிறது. ஒரு சுற்று முடிந்து திரும்பும் அதிர்வு, புறப்பட்ட அதிர்வோடு கதி ஒத்து, வலிமையிலும் அதற்குக் குறையாதிருக்குமானால், யாரும் பாடாமலே அது தானாக வளர்ந்துகொண்டு போகும்; இதுவே பின்னூட்டம். இவ்வாறு வளர்வது பெரும்பாலும் தாழ்ந்த ஒலியாகவே இருப்பதற்கும் காரணம் உண்டு. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட பதிவு நியமத்தின்படி, தட்டில் தாழ்ந்த ஒலிகள் குறைத்துப் பதியப்பெற்று, கேட்கும்பொழுது ஆம்ப்ளிஃபையரால் ஈடுசெய்யப்படுகின்றன. 20 ஹெர்ட்ஸ் ஒலி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைக் காட்டிலும் ஏறக்குறைய 9 மடங்கு மிகுதியாகப் பெருக்கப்படுவதால், அலமாரியின் சிறு நடுக்கமும் அந்தச் சலுகையைப் பெற்றுவிடுகிறது.

வூஃபரின் தள்ளாட்டமோ செவிக்கு எட்டாத அசைவுகளால் வருவது. நிமிஷத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி எடுத்துக்கொள்வதால், அது சற்றே வளைந்திருந்தாலும் விநாடிக்குச் சில முறையே நிகழும் மந்தமான ஏற்ற இறக்கங்கள் உண்டாகின்றன. கார்ட்ரிட்ஜை ஏந்திச் செல்லும் டர்ன்டேபிள் கையின் எடையும், அந்தக் கார்ட்ரிட்ஜில் ஊசியைத் தாங்கும் பகுதியின் நெகிழ்ச்சியும் சேர்ந்து ஓர் இயல்பான அதிர்வெண்ணை நிர்ணயிக்கின்றன. அது 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரை அமைந்தால் வளைவின் அசைவுக்கும் சங்கீதத்துக்கும் நடுவே ஒதுங்கி நிற்கும். கனத்த கையில் மிக நெகிழ்வான கார்ட்ரிட்ஜைப் பொருத்தி அதனைத் தாழ்த்திவிட்டால், வளைவின் அசைவையே பன்மடங்காக்கும். துவாரமுள்ள ஸ்பீக்கர் பெட்டிகளில், பெட்டி இசைவிக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பை அடக்கிப் பிடிக்கும் காற்றின் ஆதரவு அகன்றுவிடுவதால், தள்ளாட்டம் அங்கே அதிகம்.

காரணத்தை நிச்சயிக்க மூன்று பரீட்சைகள் போதும். ஊசியை உயர்த்திவைத்து, வழக்கமான அளவுக்கு ஒலியைக் கூட்டும்போதும் கூம்பு அசையுமானால், பிழை மின்சாதனங்களில் இருக்கிறது. மோட்டாரை நிறுத்தி, அசையாத தட்டின்மீது ஊசியை வைத்து, உடனே குறைப்பதற்குச் சித்தமாகக் கைப்பிடியை விடாமல் மெல்லக் கூட்டும்போது உறுமல் தோன்றி வளருமானால், அது பின்னூட்டமே. தட்டு சுழலும்போது மாத்திரம் கூம்பு தள்ளாடுமானால், தட்டின் வளைவையோ, மோட்டார், அச்சு ஆகியவற்றின் அதிர்வையோ, கைக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் உள்ள பொருத்தமின்மையையோ ஆராய வேண்டும்.

பின்னூட்டத்துக்குப் பரிகாரம் முதலில் ஸ்தானமாற்றமே. ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே பலகையில் இருத்தல் ஆகாது. அறையின் மூலையில் தாழ்ந்த ஒலிகளின் அழுத்தம் மிகுவதால், டர்ன்டேபிளுக்கு அது உகந்த இடமன்று. மரத்தளம் நடைக்கு அதிருமானால், உறுதியான சுவரில் பதித்த பலகை மேலானது. காற்றின் அதிர்வை ஏந்திக்கொள்ளும் கண்ணாடிமூடியை இசைக்கும்போது அகற்றிவைப்பதும் பயன் தரும். கண்ட ரப்பர்த் துண்டைக் கால்களுக்கு அடியில் வைப்பதனால் நன்மையே விளையும் என்று நம்புவதற்கில்லை. மீள்தன்மையுள்ள எந்தத் தாங்கியும் தன் இயல்பான அதிர்வெண்ணைப் போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளையே தடுக்குமன்றி, அந்த அதிர்வெண்ணில் வருவதை மிகுதிப்படுத்தவே செய்யும்.

இந்த உண்மையை நன்குணர்ந்த எட்கர் வில்ச்சர், அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் வாயிலாக 1961இல் வெளியிட்ட டர்ன்டேபிளில், தட்டையும் கையையும் ஒரே சட்டத்தில் இணைத்து, அச்சட்டத்தை மென்மையான ஸ்பிரிங்குகளில் மிதக்கவிட்டார். வெளியதிர்வு பெரும்பாலும் உள்ளே புகாது. புகுந்தாலும் தட்டும் ஊசியும் சேர்ந்தே அசையுமாதலால், இரண்டுக்கும் இடையே வேறுபாடு சிறிதாகவே இருக்கும். அதிர்வு முற்றும் அற்ற வீடு எங்கும் இல்லையென்பதை ஏற்றுக்கொண்டு, அந்த வேறுபாட்டை மட்டும் ஒழிக்க முயன்றதிலேதான் அவருடைய மேதை விளங்குகிறது.

வூஃபரின் தள்ளாட்டத்துக்கு, கைக்கேற்ற கார்ட்ரிட்ஜும், வளைந்த தட்டை அழுத்திப் பிடிக்கும் கவ்வியும், 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டவற்றை வடிகட்டும் ஃபில்டரும் உதவுகின்றன. இல்லையேல் ஆம்ப்ளிஃபையரின் சக்தி வீணாவதுடன், கூம்பு தன் எல்லையை நெருங்கிச் சங்கீதத்தையும் சிதைக்கும். புதிய சாதனங்களுக்குப் பணம் செலவிடுவதற்கு முன்னால் அந்த மூன்று பரீட்சைகளையும் வரிசை தவறாமல் செய்து பார்ப்பவர்களுள் பலருக்கு, இருக்கும் சாதனத்தை இடம் மாற்றி வைத்தாலே போதும் என்பது தெரியவரும்.