நாலே வார்த்தை... வைர வியாபாரம்!

1947. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா. என்.டபிள்யூ. அயர் விளம்பர கம்பெனியில் வேலை பார்த்த ஃபிரான்சஸ் கெரட்டி, டி பியர்ஸ் வைர விளம்பரத்துக்கு ஒரு வரி எழுதியாக வேண்டும். ராத்திரி நேரம். ஏகக் களைப்பு. தூங்கப் போகுமுன் ஒரு வரியைக் கிறுக்கி வைத்தார். 'எ டைமண்ட் இஸ் ஃபாரெவர்.' அதாவது, வைரம் என்றென்றைக்கும்!

ஆபீஸில் கைதட்டலா கிடைத்தது? இலக்கணம் உதைக்கிறது, அர்த்தமும் பிடிபடவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார்கள். (எல்லா ஆபீஸிலும் இப்படி நாலு பேர் உண்டு சார்!)

அந்த வரியில் விலை இல்லை, தரம் இல்லை, கம்பெனி பேர்கூட இல்லை. 'உன் காதலும் இப்படித்தானே?' என்று பையனைக் கேட்காமல் கேட்டது. இன்னொரு கில்லாடித்தனமும் உண்டு. என்றென்றைக்கும் என்றால் திருப்பி விற்கக் கூடாது என்றுதானே அர்த்தம்? வாங்கினவர்கள் எல்லோரும் விற்கக் கிளம்பினால் வைர விலை என்னாவது!

உங்கள் கடைக்கு ஸ்லோகன் எழுத உட்கார்ந்து, 'தரம், நம்பிக்கை, சேவை' என்று ஆரம்பித்தால் பேனாவை மூடிவிடுங்கள். எதிர்க்கடை போர்டிலும் அதேதான் இருக்கிறது. வாங்க வருகிறவர் மனசில் இருக்கும் ஆசை என்ன, பயம் என்ன? அதைத் தொடுங்கள்.

1999-ல் 'அட்வர்டைசிங் ஏஜ்' பத்திரிகை இதை நூற்றாண்டின் சிறந்த ஸ்லோகன் என்றது. அதே வருஷம் கெரட்டி காலமானார். ஊரெல்லாம் மோதிரம் மாற்ற வைத்த அந்தப் பெண்மணி, கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை!