வயற்பெட்டிகளுக்கு மின்னெழுச்சி தடுக்கும் டையோடு

ஐப்பசி மழையோடு இடியும் மின்னலும் வருங்கால், வயலில் நாட்டிய ஈரமானிகளும், பாசன வால்வுகளைத் திறந்து மூடும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் பழுதாவதுண்டு. மின்னல் பெட்டியின் மேலேயே விழவேண்டுமென்பதில்லை. வரப்போரமாக நீண்டு கிடக்கும் கம்பியில், சற்றுத் தொலைவில் விழும் மின்னலும் கணப்பொழுது பெரும் மின்னழுத்தத்தை எழுப்பிவிடும். அவ்வெழுச்சியைத் தன் வழியே ஒதுக்கிவிடுவதற்கென ஏற்பட்டது எழுச்சித் தடுப்பு டையோடு. விலை சொற்பமே, ஆயினும் எண் தவறினால் அதுவே கேட்டுக்குக் காரணமாகும்.

12 வோல்ட் பாட்டரிக்கு 12 என்று எண்ணிட்ட டையோடே ஏற்றதென்று கருதுவது இயல்பு. அது பிழை. சூரியத் தகட்டால் ஏற்றப்படும் ஈய அமில பாட்டரியின் அழுத்தம் 14.4 வோல்ட் வரையில் உயரும். எஸ்.எம்.பி.ஜே. 12ஏ என்னும் வகையோ 13.3 வோல்ட்டிலேயே கடத்தத் தொடங்கக்கூடும். ஆகவே இடியில்லாத நாளிலும் நண்பகல்தோறும் அது சூடேறி, முடிவில் உள்ளே உருகிப் பாட்டரியின் இரு முனைகளையும் ஒன்றாக்கிவிடும். (இதன்பொருட்டே டையோடுக்கு முன்னால் ஒரு ப்யூஸ் அவசியம்.) எஸ்.எம்.பி.ஜே. 15ஏ வகை அவ்வாறன்று. ஏற்றும் அழுத்தத்தில் அது வாளாவிருக்கும், 24.6 ஆம்பியர் எழுச்சி பாயும்போதும் அழுத்தத்தை 24.4 வோல்ட்டுக்கு மேல் விடாது. பெட்டியினுள் 7805 என்னும் சீராக்கி இருப்பின் அது 35 வோல்ட் வரை தாங்குமாதலால் பொருத்தம் சரியாகும். 20 வோல்ட்டே தாங்கும் பெட்டிக்கு இது உதவாது. ஆகையால் பெட்டியின் தாங்கும் எல்லையை விற்பவரிடம் எழுத்தில் கேட்டறிந்த பின்னரே வாங்குதல் நலம்.

24 வோல்ட் மாறுமின்சாரத்தில் இயங்கும் வால்வுகளின் கணக்கு வேறு. அதன் உச்சம் ஏறக்குறைய 34 வோல்ட். பளு குறைந்தபோது இன்னும் சற்று ஏறும். அங்கே இருதிசை வகையான 40சிஏ வேண்டும். ஒருதிசை வகையை இட்டால் பாதி அலை முழுதும் அதன் வழியே பாய்ந்து உடனே கருகும்.

சிறு பாட்டரியில் மாதக்கணக்காய் இயங்கும் 5 வோல்ட் ஈரமானிக்கு எஸ்.எம்.பி.ஜே. 5.0ஏ தக்கதன்று. அதன் கசிவு 800 மைக்ரோ ஆம்பியர் வரை இருக்கலாமாதலால், மானி உண்பதைக் காட்டிலும் காவற்காரன் உண்பது மிகுதியாய்விடும். கசிவு குறைந்த வகையைக் கேட்டு வாங்குக.

டையோடைக் கம்பி பெட்டிக்குள் நுழையுமிடத்திலேயே, கால்களைக் குட்டையாக வெட்டிப் பற்றவைத்தல் வேண்டும். கம்பி மிக நீண்டதாயின் அதற்கு முன்னால் வாயுக்குழாய்க் காப்பு ஒன்றும், இரண்டிற்கும் நடுவே ஒரு மின்தடையும், நல்ல பூமி இணைப்பும் அமைக்கப்படவேண்டும். நேரே விழும் மின்னலை டையோடு ஒன்றே தாங்காது.