பனிச்சாலைக்கு ஒரு பழைய சுபாரு

அமெரிக்காவின் வெர்மான்ட், கொலராடோ போன்ற பனி கொட்டும் மாநிலங்களில், நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய கார் என்றாலே பலர் தேடுவது சுபாருவைத்தான். பெயர் நல்ல பெயர்தான். ஆனால் எந்த ஆண்டு வண்டி என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

2000-களில் வந்த 2.5 லிட்டர் இன்ஜின்களில் ஹெட் கேஸ்கட் கசிவு பேர்போன தொல்லை. அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு காட்டிக்கொடுத்துவிடும். டைமிங் பெல்ட்டையும் சுமார் 1,05,000 மைலில் மாற்றியாக வேண்டும். மாற்றிய பில்லைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. டர்போ இல்லாத 2011 ஃபாரஸ்டரில் பெல்ட் போய் செயின் வந்துவிட்டது.

பலரும் கோட்டைவிடுவது டயரில். நான்கும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிதென்றால் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று, சக்தியைப் பங்கிடும் கிளட்ச் தேய்ந்துபோகும். காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடித்தால், கோளாறான வண்டி திக்கித் திக்கி நகரும்.