திரைப்படத் தகடும் பதிவிறக்கமும்

திரைப்படம் ஒன்றை வீட்டில் வைத்து வேண்டும்போதெல்லாம் பார்க்க இன்று சட்டப்படியான வழிகள் இரண்டு உள்ளன. ஒன்று, அந்தப் படம் பதிந்த டிவிடி அல்லது புளூ-ரே தகட்டை விலைக்கு வாங்குவது. மற்றொன்று, இணையத் தளம் ஒன்றில் பணம் கட்டிப் பதிவிறக்கிக்கொள்வது. இரண்டிலும் பார்ப்பது ஒரே படம்தான். ஆனால் கொடுத்த காசுக்குக் கைக்கு வருவது ஒன்றல்ல.

தேனி மாவட்டம், பெரியகுளம் வட்டத்தில் உள்ள வடுகபட்டி பூண்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற பேரூர். வைகை அணைக்காகத் தம் ஊர் நீரில் மூழ்கியபின் கவிஞர் வைரமுத்து வளர்ந்ததும் இவ்வூரில்தான். இயக்குநர் பாரதிராசாவின் தேனி அல்லிநகரமும், இளையராசாவின் பண்ணைப்புரமும் இதே மாவட்டத்தில் உள்ளன. வைரமுத்து 1980இல் பாரதிராசாவின் "நிழல்கள்" படத்தில்தான் அறிமுகமானார். அதற்கு இசை இளையராசா. 1985இல் வெளிவந்த "முதல் மரியாதை" வைரமுத்துவுக்குத் தேசிய விருதைப் பெற்றுத்தந்தது. இந்த மண்ணில் பிறந்தவர்கள் எடுத்த படங்களை இன்னும் முப்பது ஆண்டு கழித்துத் தம் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்ட நினைக்கும் ஒருவருக்குத் தகடா, பதிவிறக்கமா என்ற கேள்வி சிறியதல்ல.

டெக் வாடகையும் விசிடியும்

படத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் வழக்கம் தமிழகச் சிற்றூர்களில் வாடகையில்தான் தொடங்கியது. 1980களில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்றால் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியையும் 'டெக்'கையும் வாடகைக்கு எடுத்து, ஓரிரவில் மூன்று படங்களை ஓட்டுவார்கள். கேசட் யாருக்கும் சொந்தமில்லை. விடிந்ததும் கடைக்குத் திரும்பிவிடும்.

1993இல் வரையறுக்கப்பட்ட விசிடி இதை மாற்றியது. ஒரு விசிடியில் 74 முதல் 80 நிமிடம் வரை படம் அடங்கும். இரண்டரை மணிநேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு தகடுகள் தேவைப்பட்டன. நீளமான படத்துக்கு மூன்று. இடைவேளையில் தகட்டை மாற்றுவது பலருக்கு நினைவிருக்கும். படத்தின் அளவு 352×288 புள்ளிகள் மட்டுமே. டிவிடியில் (720×576) ஏறத்தாழ இதைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள் உள்ளன. முழு எச்டி படத்தில் டிவிடியைப்போல் ஐந்து மடங்கு.

விசிடியைப் படியெடுப்பது எளிதாக இருந்ததால் 'திருட்டு விசிடி' என்ற சொல்லே தமிழில் நிலைத்துவிட்டது. 2004இல் தமிழக அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, திருட்டு வீடியோ தயாரிப்போரையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது.

34 ரூபாய் டிவிடி

திருட்டுத் தகடு முப்பது நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும்போது, முறையான தகட்டுக்கு யார் நூற்றுக்கணக்கில் கொடுப்பார்கள்? இக்கேள்விக்கு விலையிலேயே விடை சொன்னது மோசர் பேயர் நிறுவனம். வெற்றுத் தகடுகளைத் தயாரித்து உலகெங்கும் விற்றுவந்த இந்த இந்திய நிறுவனம், 2007 வாக்கில் திரைப்பட விற்பனையில் இறங்கி, விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. தகடு தன் ஆலையிலேயே உருவானதால் அடக்கவிலை குறைவு. எண்ணிக்கை மிகுந்தால் இலாபம் வரும் என்பது கணக்கு. மளிகைக் கடையிலும் பேருந்து நிலையக் கடையிலும் தொங்கிய அந்த மெல்லிய உறைகளால்தான், தமிழ்ப் படத் தகட்டைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்ப்பது பல வீடுகளில் பழக்கமானது.

பின்னர் இணையம் மலிவாகத் தகட்டுச் சந்தை சுருங்கியது. 2018இல் மோசர் பேயரைக் கலைத்துச் சொத்துகளை விற்கத் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஆனால் அந்நிறுவனம் விற்ற தகடுகள் அதோடு நின்றுவிடவில்லை. கீறல் விழாத தகடு இன்றும் ஓடுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் சொத்துரிமைச் செய்தி எளிதில் விளங்கும்.

சேரனின் முயற்சி

தகட்டைத் திரையரங்குக்கு மாற்றாகவே நிறுத்திப் பார்த்தவர் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியைச் சேர்ந்த இயக்குநர் சேரன். 'சினிமா டு ஹோம்' என்பதன் சுருக்கமான சி2எச் என்ற திட்டத்தின்கீழ், தாம் இயக்கிய "ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை" படத்தை 2015 மார்ச் 5 அன்று நேரடியாக டிவிடியாக வெளியிட்டார். விலை 50 ரூபாய். ஊர்தோறும் முகவர்களை அமர்த்தி, தகட்டை வீட்டு வாசலுக்கே கொண்டுபோவது நோக்கம். திரையரங்கு கிடைக்காமல் பெட்டிக்குள் முடங்கும் சிறுபடங்களுக்கு அது ஒரு வாசல் என்றும் எண்ணப்பட்டது.

எண்ணம் நல்லதுதான்; காலம்தான் பிந்திவிட்டது. ஒரு குடும்பம் 50 ரூபாய்க்கு வாங்கிய தகட்டைத் தெருவே பார்க்க முடியும், படியும் எடுக்க முடியும். அடுத்த ஆண்டே, 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கி, கைபேசித் தரவின் விலை சரிந்தது. சி2எச் நெடுநாள் நீடிக்கவில்லை. திரையரங்கைத் தாண்டி நேரே வீட்டுக்கு வருவது என்ற எண்ணம் மட்டும் வேறு வடிவில் திரும்பியது. கொரோனா முடக்கத்தில் 2020 மே 29 அன்று "பொன்மகள் வந்தாள்" அமேசான் பிரைம் வீடியோவில் நேரடியாக வெளியானது; அதே ஆண்டு நவம்பரில் "சூரரைப் போற்று" வந்தது.

பதிவிறக்கம் என்பது எது

பேச்சுவழக்கில் 'டவுன்லோடு' என்ற ஒரே சொல் மூன்று வேறுபட்ட செயல்களைக் குறிக்கிறது. முதலாவது, மாதச் சந்தா கட்டும் செயலியில் ஒரு படத்தைக் கைபேசியில் இறக்கிவைப்பது. இணையம் இல்லாத இடத்திலும் பார்க்கலாம் என்பதே இதன் பயன். இறக்கிய படம் அந்தச் செயலிக்குள் மட்டுமே திறக்கும். கெடு முடிந்தாலோ சந்தா நின்றாலோ திறக்காது. இரண்டாவது, யூடியூப் போன்ற தளங்களில் ஒரு படத்தை மட்டும் வாடகைக்கு எடுப்பது. பெரும்பாலும் 30 நாட்களுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும். தொடங்கினால் 48 மணிநேரத்தில் முடிக்க வேண்டும். டெக் வாடகையின் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்லலாம். மூன்றாவது, 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்திக் கூடுதல் விலைக்குப் பெறுவது. இதற்குக் கெடு நாள் எதுவும் காட்டப்படுவதில்லை. தகட்டோடு ஒப்பிடத்தக்கது இது ஒன்றே.

யாருக்குச் சொந்தம்

தகட்டை வாங்குபவருக்குப் படத்தின் பதிப்புரிமை வருவதில்லை. அந்த ஒரு படி மட்டும் அவருக்கு உடைமையாகிறது. வீட்டில் எத்தனை முறையும் பார்க்கலாம், மகளுக்குச் சீர்வரிசையோடு கொடுத்தும் அனுப்பலாம். ஆனால் வாடகைக்கு விடும் கடை நடத்த முடியாது. திரைப்படப் படிகளை வணிக நோக்கில் வாடகைக்கு விடும் உரிமையை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் உரிமையாளருக்கே வைத்திருக்கிறது.

இணையத்தில் 'வாங்கு' பொத்தானை அழுத்துபவருக்குக் கிடைப்பது பார்க்கும் அனுமதி மட்டுமே. தளத்துக்கும் பட நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்தால் அந்த அனுமதியும் போகலாம். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சோனியின் பிளேஸ்டேஷன் கடையில் பணம் கொடுத்து வாங்கியிருந்த ஸ்டூடியோகனால் படங்கள், 2022 ஆகஸ்டு 31 முதல் வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே நீங்கின. இதுபோன்ற குழப்பங்களால், கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று எழுதக்கூடாது என அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டம் 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்தது.

தமிழிலும் உதாரணம் உண்டு. 2023 டிசம்பரில் திரையரங்கில் வெளியாகி, அம்மாத இறுதியில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்த "அன்னபூரணி" படம், எதிர்ப்புகள் எழுந்ததையடுத்து 2024 சனவரியில் அங்கிருந்து நீக்கப்பட்டது. எதிர்ப்பு நியாயமா இல்லையா என்பது தனி வழக்கு. நேற்று இருந்த படம் இன்று எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் இல்லாமல் போக முடியும் என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. விற்றுப்போன தகட்டை அப்படித் திரும்ப அழைக்க முடியாது.

இழப்பு தமிழ்த் திரைக்குப் புதிதுமல்ல. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான "காளிதாஸ்" படத்தின் ஒரு படிகூட இன்று இல்லை. படிகள் சிலவே இருந்து, அவையும் ஓரிரு இடங்களில் மட்டுமே முடங்கிக் கிடந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

படத்தின் துல்லியம்

தகடு என்றாலே தரம் உயர்ந்தது என்பது பாதி உண்மை. ஓரடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி இடம் உண்டு. அதில் இரண்டரை மணிநேரப் படம் ஒன்றை மட்டும் பதிந்தால் நொடிக்கு ஏறத்தாழ 4.2 மெகாபிட் கிடைக்கும்; படம் நன்றாகவே இருக்கும். அதே தகட்டில் மூன்று படங்களைத் திணித்தால் ஒவ்வொன்றுக்கும் 1.4 மெகாபிட்டே மிஞ்சும். டிவிடி பயன்படுத்தும் பழைய சுருக்கமுறைக்கு இது போதாது. ஓடும் காட்சிகளில் கட்டம் கட்டமாகச் சிதைவது இதனால்தான். 'மூன்று படம் ஒரே தகட்டில்' என்ற உறையைப் பார்த்து மகிழ்வோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். பல தமிழ்த் தகடுகளில் நிறுவன முத்திரை மூலையில் நிரந்தரமாக ஒட்டியிருப்பதும், சில பாடல்கள் வெட்டப்பட்டிருப்பதும் பழைய குறைகள்.

புளூ-ரேயில் 25 அல்லது 50 ஜிபி இடம் உண்டு. இன்றும் வீட்டில் பார்க்கக்கூடிய மிகத் தெளிவான வடிவங்களில் ஒன்று. ஆனால் தமிழில் புளூ-ரேயாக வந்த படங்கள் குறைவு. அதற்கான கருவியும் இந்தியாவில் பரவலாகவில்லை.

இணையத்தில் முழு எச்டி படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் அளவு வேகம் வேண்டும். அவ்வேகத்தில் இரண்டரை மணிநேரப் படம் ஏறத்தாழ 5.6 ஜிபி விழுங்கும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் கைபேசித் திட்டம் வைத்திருப்பவருக்கு அது நான்கு நாள் பங்கு. அதனால் கைபேசித் திரைக்கேற்ற குறைந்த தரத்தில், ஒரு ஜிபி அளவில் இறக்குவதே வழக்கம். பெரிய தொலைக்காட்சியில் அதைப் போட்டால், ஒழுங்கான டிவிடியைவிடத் தெளிவு குறைந்து தெரிவதும் உண்டு. வீட்டில் கம்பிவழி அகலப்பட்டை இணைப்பு இருந்தால் இந்தக் கணக்கு தேவைப்படாது.

தகட்டின் ஆயுள்

தகடு அழியாதது அல்ல. விசிடியில் தகவல் தாங்கும் பூச்சு, படம் அச்சிட்ட மேற்புறத்துக்குச் சற்றுக் கீழேயே உள்ளது. பளபளக்கும் அடிப்புறத்தில் விழும் கீறலைவிட மேற்புறக் கீறலே அதைக் கொல்லும். டிவிடியில் அந்தப் பூச்சு இரண்டு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே இருப்பதால் கூடுதல் பாதுகாப்பு உண்டு. ஆலையில் அச்சிட்ட தகடு பல பத்தாண்டுகள் தாங்கும். கணினியில் எழுதிய, ஊதா நிறச் சாயல் கொண்ட தகட்டில் தகவல் சாயத்தில் பதிந்திருப்பதால், வெயிலிலும் ஈரத்திலும் விரைவில் கெடும். தகட்டைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், தகடு இருந்தும் போட்டுப்பார்க்கக் கருவி இல்லாமை. புது மடிக்கணினிகளில் தகட்டறை கிடையாது. எல்ஜி நிறுவனம் 2024இல் புளூ-ரே கருவித் தயாரிப்பை நிறுத்திவிட்டது. யுஎஸ்பியில் இணைக்கும் வெளித் தகட்டறை ஒன்று இருந்தால் பழைய சேமிப்பு வீணாகாது. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் டிவிடியில் வட்டாரக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். இந்தியாவுக்குரியது 5; அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் 1, ஐரோப்பாவுக்கு 2, மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட தென்கிழக்காசியாவுக்கு 3. புலம்பெயர்ந்தோருக்காக வெளியான தமிழ்த் தகடுகள் பல எல்லா வட்டாரத்திலும் ஓடுபவை.

பென் டிரைவும் சட்டமும்

கைபேசிக் கடைகளில் மெமரி கார்டிலும் பென் டிரைவிலும் படம் ஏற்றித் தருவது இரண்டு வழிகளிலும் சேராது; அது பதிப்புரிமை மீறல். இதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. திரையரங்கில் படம்பிடித்துப் பரப்புவோருக்கு 2023ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத் திருத்தம் தண்டனையை மேலும் கடுமையாக்கியது.

பழைய படங்களில் ஒரு விலக்கு உண்டு. இந்தியாவில் திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1964இல் வெளிவந்த "காதலிக்க நேரமில்லை" படத்துக்கு அது 2024 முடிவோடு தீர்ந்தது. பாடல் வரிக்கும் இசைக்கும் கணக்கு வேறு; எழுதியவர், இசையமைத்தவர் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகள். கண்ணதாசன் 1981இல் மறைந்ததால் அவர் வரிகளுக்கு 2041 வரை உரிமை உண்டு.

ஒருமுறை பார்த்தால் போதும் என்ற படத்துக்குச் சந்தாவோ வாடகையோ மலிவு. வீட்டில் நிலைக்க வேண்டிய படத்துக்குத் தகடு கிடைத்தால் தகடே மேல். இன்று அது பெரும்பாலும் பழைய கடைகளின் மூலையிலும் கைமாற்றாகவும்தான் கிடைக்கும். அப்படி வாங்கும்போது உறைமேல் உள்ள ஓடும் நேரத்தைப் படத்தின் முழு நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பத்துப் பதினைந்து நிமிடம் குறைந்தால் பாட்டு வெட்டப்பட்ட படியாக இருக்கலாம்.